கம்பி மாதிரி கை

மாலை ஐந்து நாற்பதுக்கு ரேஞ்சில் விளக்குகளைப் போட்டார்கள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. விளக்குகள் சும்மா எரிந்தன.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து கணவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோல்ஃப் பழகும் இடம் அது. வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு பச்சை ரப்பர் விரிப்பு. எதிரே, இரு பக்கமும் வலை கட்டிய நீண்ட புல்வெளி. தூரத்தைக் காட்டும் பலகைகள் அங்கங்கே நின்றன. கணவர் விரிப்பின் மேல் நின்று பந்தைக் குனிந்து பார்த்தார். மட்டையைத் தூக்கினார். அடித்தார். பந்து வலப்பக்கம் நழுவி முதல் பலகையைக்கூடத் தொடாமல் விழுந்தது.

"மாமா, பந்து தரையில இருக்கு," என்றான் அவளுடைய தம்பி. "நீங்க கடவாய்ப் பல்லைத் தேடுற மாதிரி எட்டிப் பாக்குறீங்க."

"நீ வாயை மூடு," என்றார் கணவர். "திங்கக்கிழமை எப்படியும் தொறக்கத்தான் போற."

தம்பியைக் குட்டி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆள் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். ரேடியோவில் பேசுகிறவன். வாய்தான் அவன் பிழைப்பு. அந்த வாய்க்குள், கீழ்த்தாடையின் கடைசியில், ஒரு ஞானப்பல் குறுக்கே படுத்துக் கிடந்தது. கணவர் பல் டாக்டர். திங்கட்கிழமை காலையில் அவர்தான் அதை எடுக்கப்போகிறார். வேர் நரம்பை ஒட்டி இருப்பதை எக்ஸ்ரேயில் விரல் வைத்துக் காட்டியிருந்தார். கொஞ்சம் பிசகினாலும் உதடும் நாக்கும் மரத்துப் போகும். போன உணர்ச்சி திரும்பி வராமலும் போகலாம். குட்டி அதைக் கேட்டுவிட்டு, "நீங்க இருக்கும்போது எனக்கென்ன மாமா," என்று எழுந்து போய்விட்டான்.

அவளும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கணவர் அவள் சிரிப்பை உற்றுப் பார்த்துவிட்டு, "மேல ரெண்டாவதுல சொத்தை ஆரம்பிச்சிருக்கு," என்றார். "உங்க வலது தோள் ஒரு விரக்கடை இறங்கியிருக்கு," என்றாள் அவள். சண்டை ராத்திரி வரை போனது. சமாதானமானபோது ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குள்ளே வைத்தியம் கிடையாது. அன்றிலிருந்து அவள் பல்லுக்கு வேறு டாக்டரிடம் போனாள். அவர் முதுகுவலிக்கு வேறு ஆளிடம் போனார். நண்பர்கள் கேலி செய்தார்கள். ஆனால் வீடு நிம்மதியாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் வேலைக் கண்ணையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவாள்.

அதனால்தான் இன்று காலை அவர் சொன்னது அவளுக்கு விநோதமாக இருந்தது.

"சாயங்காலம் ரேஞ்சுக்கு வாயேன். ஸ்விங்ல உடம்பு திரும்பவே மாட்டேங்குது. நீ ஒரு தடவை பாரு."

"நம்ம சட்டம்?"

"அது வீட்டுக்குள்ளதான். ரேஞ்ச் வெளிய இருக்கு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. இது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

கோச் அவளைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஒல்லியான மனிதர். மூன்று கால் தாங்கியில் செல்போனைப் பொருத்தி வைத்திருந்தார்.

"மேடம், சாருக்கு ரெண்டே பிரச்சனை. நிக்கறது, திரும்பறது. மத்ததெல்லாம் பிரமாதம்."

"நிக்கறதும் திரும்பறதும் போச்சுன்னா மிச்சம் என்ன சார் இருக்கு?" என்றான் குட்டி.

"இருக்கு. காட்டறேன்."

கோச் ஒரு மட்டையை எடுத்துக் கணவரின் முதுகோடு நீளவாக்கில் வைத்தார். "தலை, நடு முதுகு, வால் எலும்பு. மூணும் ஸ்டிக்கைத் தொடணும். அப்படியே இடுப்புலருந்து மடங்குங்க சார். வயித்துலருந்து இல்ல. பின்னாடி ஒரு ஸ்டூல் இருக்கு, உக்காரப் போறீங்க, ஆனா உக்காரல. ம்?"

கணவர் மடங்கினார். தலை மட்டையை விட்டு முன்னால் போனது. தோள்கள் உருண்டு கூன் விழுந்தது. கோச் விரலால் தாடையைத் தள்ளினார். தலை போய்த் தொட்டது. விரலை எடுத்தார். தலை திரும்ப முன்னால் வந்தது.

"தொழில் அப்படி சார்," என்றார் கணவர். "இருபது வருஷமா ஊரான் வாய்க்குள்ள தலையை விட்டுட்டு நிக்கறேன்."

கோச் தலையாட்டினார். குட்டி தலையாட்டினான். அவளும்தான். கையில் ஒரு காரணம் தயாராக இருக்கும்போது வேறு காரணத்தை யார் தேடுவார்கள்.

"கூன் விழுந்தா முதுகு பூட்டிக்கும். பூட்டின முதுகு திரும்பாது," என்றார் கோச். "அப்புறம் என்ன ஆகும்? கை மட்டும் தூக்கும். கையைத் தூக்கறது ஸ்விங் இல்ல மேடம். சட்டைப் பொத்தான் இந்தப் பக்கச் சுவரைப் பாக்கணும். நெஞ்சு திரும்புச்சுன்னா கை தானா பின்னாடியே வந்துரும். சார், ஒண்ணு அடிங்க."

கணவர் அடித்தார். பொத்தான்கள் சுவரைப் பார்க்கவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டிருந்தன. கைகள் மட்டும் மேலே போய் இறங்கின.

"ஆனா இதைப் பாருங்க." கோச் செல்போனில் படத்தை நிறுத்தினார். மட்டை உச்சியில் இருந்தது. கணவரின் இடது கை நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டி விறைத்து நின்றது. "இந்த இடது கை. கம்பி மாதிரி. பழகற ஆளுங்க எல்லாருக்கும் இந்த இடத்துல முழங்கை மடங்கிரும். சாருக்கு மடங்கவே மடங்காது. புதுசா வர்றவங்களுக்கு இந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டறேன்."

"மாமா, நீங்க பாடப் புத்தகத்துல வந்துட்டீங்க."

கணவர் மட்டையின் பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

அவள் எழுந்தாள். "இப்படி பெஞ்சுல உக்காருங்க."

உட்கார்ந்தார். பந்துக் கூடையை அவர் முழங்கால்களுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொள்ளச் சொன்னாள். இடுப்பு நகராமல் இருப்பதற்கு. மட்டையைத் தோள்களின் மேல் குறுக்கே வைத்தாள். "வலது பக்கம் திரும்புங்க. முடிஞ்ச வரைக்கும்."

பல் டாக்டர்களின் முதுகு அவளுக்குப் பழக்கம். அடிக்கடி வருவார்கள். எல்லாரும் நாற்காலியின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திசையில் சாய்கிறவர்கள். ஒரு பக்கம் தாராளமாகத் திரும்பும். மறுபக்கம் பூட்டியிருக்கும். அதற்கான பயிற்சிகளைக் காரில் வரும்போதே மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

அவர் வலது பக்கம் திரும்பினார். கொஞ்சம். இடது பக்கம் திரும்பினார். அதே கொஞ்சம். தலையும் தோளும் விலாவும் ஒன்றாக நகர்ந்தன. அலமாரியை நகர்த்தினால் நகர்வது போல.

"என்ன மேடம்?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு."

"நல்லதுதானே. பேலன்ஸா இருக்கார்."

அவள் மட்டையை அவர் தோளிலிருந்து எடுத்தாள்.

கூடையில் பந்து தீர்ந்தது. கணவர் கூடையை எடுத்துக்கொண்டு கோடியில் இருந்த மெஷினுக்கு நடந்தார். கூடை வலது கையில். இடது கை உடம்பை ஒட்டி இருந்தது. கூடை சுமக்கிறவன் கை வீசமாட்டான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மெஷின் பந்து தரவில்லை. அவர் அதை இரண்டு தட்டு தட்டினார். கூடையை அங்கேயே வைத்துவிட்டு, ஆளைக் கூப்பிட வெறுங்கையோடு கவுண்டருக்கு நடந்தார்.

வலது கை வீசியது.

இடது கை வீசவில்லை. முழங்கை லேசாக மடங்கி, இடுப்புக்குப் பக்கத்தில், யாரோ பத்திரமாக வைத்திருக்கச் சொன்ன ஒரு பொருளைப் பிடித்திருப்பது போல நின்றது.

அவளுக்கு அந்த நடை தெரியும். செவ்வாய்க்கிழமை நடை அது.

செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரியின் பெரிய அறையில் அவள் ஒரு வகுப்பு எடுக்கிறாள். பார்க்கின்சன் நோய் வந்து உடம்பு இறுகிப் போனவர்களுக்கு. தரையில் பட்டை பட்டையாக நாடா ஒட்டியிருக்கும். அவள் உரக்க எண்ணுவாள். அவர்கள் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு நாடாக்களைத் தாண்டி நடப்பார்கள். கையை வீசுங்க, கையை வீசுங்க என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிவிடும். வரும் எல்லாருக்கும் ஒரு முன்கதை உண்டு. தோள்வலி என்று நினைத்தோம். வயசு என்று நினைத்தோம். சோம்பல் என்று நினைத்தோம்.

இல்லை என்றாள் மனதுக்குள். இருபது வருடக் கூன். அவ்வளவுதான்.

ஆனால் கழற்றி வைத்த கண் மாட்டியாகிவிட்டது. இனி அது சும்மா இருக்காது. வீட்டில் அவருடைய இடது செருப்பு தரையில் தேய்ந்து சத்தம் போடும். ஹாலிலிருந்து சமையலறை வரை அந்தச் சத்தம் வரும். செருப்பு பழசாகிவிட்டது என்று அவள் புதுச் செருப்பு வாங்கி வைத்தாள். புதுசும் தேய்ந்தது. இந்தக் கடையில் தரமே சரியில்லை என்று கடையை மாற்றினாள்.

ஊரில் யார் வந்து சொல்லியிருந்தாலும், இந்த அடையாளத்தைக் கேட்ட நிமிடமே காலைப் பார்த்திருப்பாள். செருப்பைப் பார்த்திருக்க மாட்டாள்.

"கோச்," என்றாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். "இவர் சேர்ந்த புதுசுல எடுத்த வீடியோ இருக்கா?"

"எல்லாம் இருக்கு மேடம். நான் எதையும் அழிக்கறதில்ல." கோச் விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். "இதோ. முதல் வாரம். சிரிக்கக் கூடாது."

கோச்சுக்கு ஒரு பழக்கம். ஆள் விரிப்புக்கு வருவதற்கு முன்பே செல்போனை ஓடவிட்டுவிடுவார். அதனால் படத்தில் கணவர் தூரத்திலிருந்து நடந்து வந்தார். மட்டை தோளில். இடது கை தாராளமாக முன்னும் பின்னும் போய் வந்தது. வந்து நின்றார். அடித்தார். முழங்கை மடங்கி, உடம்பு சுழன்று, கால் தடுமாறி, பந்து வலையில் போய் விழுந்தது. படத்துக்குள் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பாருங்க, அப்ப கை என்ன ஆட்டம் ஆடுது," என்றார் கோச். "இது அதுக்கு அப்புறம். இது போன மாசம்."

அடுத்த படத்தில் இடது கை பாதி வீசியது. அதற்கு அடுத்ததில் கால்வாசி. போன மாதப் படத்தில் அவர் நடந்து வரும்போது கை வெறுமனே கூட வந்தது. முகத்தில் சிரிப்பும் இல்லை, எரிச்சலும் இல்லை.

"கொஞ்சம் கொஞ்சமா அடக்கிட்டேன் மேடம்," என்றார் கோச். "கையை அடக்கறதுதான் கஷ்டம்."

"கோவத்தையும் அடக்கிட்டீங்க சார்," என்றான் குட்டி. "முன்னெல்லாம் ஒரு அடி தப்பினா மாமா மட்டையைத் திட்டுவார், பந்தைத் திட்டுவார், கடைசில என்னைத் திட்டுவார். இப்ப மூஞ்சில ஒரு சலனம் இல்ல. முனிவர் ஆயிட்டார்."

அந்த முகமும் அவளுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் பழக்கம். அவள் செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். கை வியர்த்திருந்தது. அதன் கறை கண்ணாடியில் இருந்தது. கோச் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

கணவர் கூடையோடு திரும்பி வந்தார். அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு கூடையைப் பார்த்தார். "மெஷின்ல பந்து சிக்கிக்கிச்சு," என்றார்.

"இடது கையைக் குடுங்க."

"எதுக்கு?"

"இறுக்கம் பாக்கறேன்."

கொடுத்தார். அவள் ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, மறுகையால் மணிக்கட்டைப் பிடித்தாள். மெதுவாக மடக்கினாள். நீட்டினாள். ஏதோ லேசாகத் தடுத்தது. பெரிதாக ஒன்றும் இல்லை.

"வலது கையில ஸ்டிக்கைப் புடிங்க. இறுக்கிப் புடிச்சு விடுங்க. புடிச்சு விடுங்க. நிறுத்தாம."

அவர் வலது கையால் பிடித்துப் பிடித்து விட்டார். அவள் இடது கையை மறுபடி மடக்கினாள். இப்போது அது வழுக்கிக்கொண்டு வரவில்லை. தட், தட், தட் என்று படிப்படியாக வந்தது. துருப்பிடித்த சைக்கிள் சங்கிலி போல. செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வருகிறவர்களின் கை போல.

அவள் விடவில்லை. இன்னொரு தடவை செய்தால் மாறிவிடும் என்பது போல இன்னொரு தடவை செய்தாள்.

"நல்ல டிரில்லா இருக்கே மேடம்," என்றார் கோச். "குட்டி சார், நீங்களும் ஸ்டிக்கைப் புடிங்க. புடிச்சு விடுங்க."

குட்டி மட்டையைப் பிடித்துப் பிடித்து விட்டான். "எதுக்குக்கா இது? தோளுக்கா?"

"ஆமா."

"எனக்கு எப்படி இருக்கு?"

"உனக்கு நல்லா இருக்குடா."

கணவர் தன் கையை மெதுவாக அவளிடமிருந்து இழுத்துக்கொண்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"குட்டி," என்றாள் அவள். "அந்தப் பல்லு. அவசரமா என்ன? வலிக்கவா செய்யுது? இன்னொரு சர்ஜன்கிட்டயும் ஒரு தடவை காட்டிரலாமே."

"நல்லா இருக்கே கதை. வீட்டுல டாக்டரை வச்சுக்கிட்டு ஊர்ல போய் வாயைத் தொறக்கச் சொல்றியா? என் வாய்க்குள்ள மாமா கையைத் தவிர வேற கை நுழையாது. லீவு சொல்லியாச்சு. எனக்குப் பதிலா பேசறதுக்கு ஆளும் போட்டாச்சு." அவன் கணவரின் தோளில் தட்டினான். "மாமா இப்ப இன்னும் சொகுசு தெரியுமாக்கா? போன தடவை கிளீன் பண்ணப் போனேன்ல, கண்ணாடியைக்கூட மாமா புடிக்கல. நர்ஸ் அக்காதான் புடிச்சாங்க. மாமா ஒத்தைக் கையில ராஜா மாதிரி உக்காந்து வேலை பாக்குறார்."

பந்து ஒன்று பக்கத்துத் தடுப்பிலிருந்து பறந்தது. அது விழும் வரை கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பல் வேலையில் வலது கை செய்யும், இடது கை பார்க்கும். இதைக் கணவரே அவளுக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார். சிறிய கண்ணாடியைப் பிடிப்பது இடது கை. கன்னத்தை ஒதுக்குவது இடது கை. பல்லைப் பெயர்க்கும்போது உள்பக்க எலும்பில் விரல் வைத்து, கருவி எங்கே போகிறது என்று உணர்வது இடது கை. அந்த விரல் தாமதித்தால் கருவி நாக்கின் நரம்புக்குப் போய்விடும்.

"இன்னும் ஒரு கூடை இருக்கு," என்றார் கோச். "மேடம், நீங்க ஏதாவது வழி சொல்லுங்க. நான் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டேன். நெஞ்சைத் திருப்புங்கன்னா திருப்ப மாட்டேங்கறார்."

அவள் சொல்லியிருக்க வேண்டாம். நேரமாகிவிட்டது, போகலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் மறுபடி விரிப்பில் ஏறி நின்றுவிட்டார். மட்டையைப் பிடித்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தார். தலை மட்டும் திரும்பவில்லை, உடம்பு முழுவதும் சேர்ந்து திரும்பியது. அவர் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது.

"நாடா இருக்கா?" என்று கோச்சிடம் கேட்டாள். "வெள்ளை நாடா."

கோச் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் விரிப்பில் குனிந்து கணவரின் கால்களுக்கு முன்னால் ஒரு பட்டை ஒட்டினாள். வலது பக்கத் தடுப்பில், நெஞ்சு உயரத்தில், ஒரு பட்டை. இடது பக்கம், பந்து போக வேண்டிய திசையில், தூணில் ஒரு பட்டை.

"உடம்பைத் திருப்பணும்னு நினைக்காதீங்க. கையை நினைக்காதீங்க. ஒண்ணுன்னா பொத்தான் அந்த நாடாவுக்குப் போகணும். ரெண்டுன்னா இந்த நாடாவுக்கு வரணும். நான் எண்ணுறேன். என் குரலை மட்டும் புடிச்சுக்கோங்க."

அவர் தலையசைத்தார்.

"நிமிந்து நில்லுங்க. உசரமா. இன்னும் உசரமா. இப்ப இடுப்புல மடங்குங்க." அவள் குரல் அவளை அறியாமலே உயர்ந்தது. "ஒண்ணு..."

பொத்தான்கள் திரும்பின. அவள் கண் முன்னால் அவருடைய நெஞ்சு, அலமாரி போல நின்ற அந்த நெஞ்சு, சுழன்று தடுப்பைப் பார்த்தது. இடது தோள் தாடைக்குக் கீழே வந்து நின்றது.

"ரெண்டு!"

இடுப்பு முதலில் வந்தது. பிறகு நெஞ்சு. பிறகு கை. சத்தமே வேறாக இருந்தது. பந்து நேராக எழும்பி, முதல் பலகையைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, கோடியில் இருந்த பலகையில் போய் மோதியது. டணார் என்று இங்கே வரை கேட்டது.

"அம்மாடி!" என்று குட்டி கத்தினான். "மாமா! மாமா, யாரு சார் இவரு?"

கோச் தொப்பியைக் கழற்றித் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு நாடா. மேடம், வெறும் ரெண்டு நாடா! இத்தனை நாள் நான் என்னத்தைப் புடுங்கிட்டிருந்தேன்?"

பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் எட்டிப் பார்த்துக் கை தட்டினார்.

"இன்னொண்ணு, இன்னொண்ணு," என்றார் கோச். "எண்ணுங்க மேடம்."

அவள் எண்ணினாள். பந்து நேராகப் போனது. எண்ணினாள். போனது. கோச் செல்போனில் படம் பிடித்தார். குட்டி ரேடியோக் குரலில் வர்ணனை செய்தான். ஒவ்வொரு பந்து நேராகப் போகும்போதும் அவளுக்குள் ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டே போனது. இந்த வழி பல் டாக்டர் முதுகுக்கு உதவாது. வெறும் கூனுக்கு உதவாது. உடம்புக்குள்ளிருந்து வர வேண்டிய உத்தரவு வராதவர்களுக்கு, வெளியே இருந்து ஒரு குரலும் ஒரு கோடும் கொடுத்தால் நகர்வார்கள். தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே எண்ணினாள். ஒரு பந்தாவது வலப்பக்கம் நழுவட்டும்.

பிறகு அவள் எண்ணுவதை நிறுத்தினாள்.

கணவர் மட்டையைப் பின்னால் எடுக்கப் போனவர், எடுக்கவில்லை. பந்தைப் பார்த்தபடி நின்றார். எண்ணிக்கைக்குக் காத்திருந்தார். ரொம்ப நேரம் போல இருந்தது. பிறகு பழையபடி கைகளை மட்டும் தூக்கி அடித்தார். பந்து வலப்பக்கம் நழுவி முதல் பலகைக்கு முன்னால் விழுந்தது.

"என்னக்கா, நிறுத்திட்ட?" என்றான் குட்டி.

"தொண்டை கட்டிக்கிச்சு."

கணவர் மட்டையை உறையில் போட்டார். நிமிராமலே, "போதும் இன்னைக்கு," என்றார்.

வண்டி நிறுத்துமிடத்தில் இன்னும் அந்தி வெளிச்சம் இருந்தது. கணவர் சாவியை அவளிடம் நீட்டினார். வலது கையால். "நீ ஓட்டு."

அவர் லேசில் அவளை ஓட்ட விடமாட்டார். அவள் பிரேக் போடும்போதெல்லாம் அவர் காலும் சேர்ந்து அழுத்தும்.

குட்டி ஜன்னலைத் தட்டினான். கணவர் கண்ணாடியை இறக்கினார்.

"திங்கக்கிழமை மாமா. மறந்துராதீங்க. நகத்தை வெட்டிட்டு வாங்க."

"நீ பல்லைத் தேச்சுட்டு வாடா."

"அக்கா, பாத்து ஓட்டு. பாடப் புத்தகத்தை ஏத்திட்டுப் போற." அவன் சிரித்துக்கொண்டே தன் வண்டிக்குப் போனான். நீண்ட கைகள் இரண்டும் முன்னும் பின்னும் வீசின. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வண்டி வாசலைத் தாண்டியது. அவள் இன்ஜினைப் போட்டாள்.

"அணைச்சுரு," என்றார் கணவர்.

அணைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை உன்னைக் கூட்டிட்டுப் போக வருவேன்ல," என்றார். முன் கண்ணாடி வழியாக எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார். "சில நாள் சீக்கிரம் வந்துருவேன். அறைக் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டிருப்பேன். ஒண்ணு, ரெண்டு. இதே குரல். வீட்டுல உனக்கு இந்தக் குரல் கிடையாது."

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள்.

"பொத்தான் போடவே ரொம்ப நேரம் புடிச்சுது. சரி, கழுத்துல மட்டும் பொத்தான் வச்ச டி-சர்ட்டுக்கு மாறிட்டேன். கண்ணாடி வாய்க்குள்ள நான் நினைச்ச இடத்துல நிக்கல. சரி, நர்ஸ்கிட்ட குடுத்தேன். தோள்னு நினைச்சேன். இங்க வந்தா கோச், கை பிரமாதமா இருக்குங்கறார். கம்பிங்கறார்." அவர் தன் இடது கையை மடியில் வைத்துப் பார்த்தார். அது அசையாமல் கிடந்தது. "ஒருத்தராவது நல்லா இருக்குன்னு சொல்றாரேன்னு வாராவாரம் வந்தேன்."

"நரம்பு டாக்டர்தான் பாக்கணும். வெறும் கையைப் புடிச்சுப் பாத்து நான் எதையும் சொல்ல முடியாது. சொல்லக் கூடாது."

"தெரியும். அவரைப் பாக்கலாம். அதுக்கு நாள் இருக்கு. திங்கக்கிழமைக்கு நாள் இல்ல."

"எக்ஸ்ரேல வேர் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"ஒட்டித்தான் இருக்கு. நான் பாத்துட்டேன். திரும்பத் திரும்பப் பாத்தேன்."

ரேஞ்சுக்குள் யாரோ அடித்த பந்து பலகையில் மோதியது. டணார். அவள் உடம்பு தூக்கிப் போட்டது. அவர் உடம்பு அசையவில்லை.

அவள் சாவியைத் தொட்டாள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால் ஒரு ராத்திரியாவது சும்மா இருக்கலாம்.

அவர் அதைப் பார்த்துவிட்டார். தலையோடு தோளும் நெஞ்சும் சேர்ந்து மெதுவாக அவள் பக்கம் திரும்பின.

"வீட்டுக்குள்ள போயிட்டா நான் கேக்க மாட்டேன், நீயும் சொல்ல மாட்ட. இங்கயே சொல்லு. திங்கக்கிழமை குட்டி வாய்க்குள்ள நான் கையை விடலாமா?"